போர்வெல் மண்ணில் கடல் ஓடுகள்: பிரித்து வயது பார்ப்பது எப்படி?

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் போர் போடும்போது மேலே வரும் கருஞ்சாம்பல் களியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகள் அதில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை.

படி 1: கழுவுங்கள்
எத்தனை அடியில் வந்த களி என்று முதலில் பையில் எழுதுங்கள். ஆழம் தெரியாத மண் எதற்கும் உதவாது. ஒரு கைப்பிடியைக் காயவைத்து, சலவை சோடா கலந்த தண்ணீரில் இரவு ஊறப்போட்டு, காலையில் 63 மைக்ரான் சல்லடையில் தேய்க்காமல் அலசுங்கள். வினிகர், எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும்.

படி 2: பொறுக்குங்கள்
காய்ந்ததைக் கறுப்புத் தாளில் பரப்பி, 20 முதல் 40 மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள். தூரிகை நுனியை நனைத்துத் தொட்டால் ஓடு ஒட்டிக்கொள்ளும்.

படி 3: வகை பிரியுங்கள்
முதலில் சுவர்: ஒளி ஊடுருவும் துளைச்சுவரா, வழவழப்பான வெள்ளைச் சுவரா, மணல்துகள் ஒட்டிய சுவரா? அப்புறம் அறைகள்: ஒற்றை வரிசையா, ஜடைபோல் மாறிமாறி வருகிறதா, சுருளா? கடைசியில் வாய்த்துளை. களப்புகளில் இன்றும் வாழும் அம்மோனியாவை (வாயு அல்ல, ஒரு ஃபொராமினிஃபெரா வகையின் பெயர்) புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் எல்லாச் சுற்றுகளும் தெரியும். மறுபக்கம் கடைசிச் சுற்று மட்டும்.

படி 4: வயது பாருங்கள்
அம்மோனியா உவர்நீர் இருந்ததைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்கு, கொஞ்ச காலமே வாழ்ந்து கடலெங்கும் பரவிய மிதக்கும் இனங்கள் வேண்டும். அரியலூர்ப் பக்கப் பாறைகளில் கிடைக்கும் குளோபோட்ரங்கானா 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அழிந்தது. அது படிந்த இடத்திலேயே இருந்தால், பாறை அதற்கும் மூத்தது. இரண்டு மூன்று இனங்களும் ஒருசேர வாழ்ந்த காலம்தான் நம் விடை. ஒரே ஓட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது.

கிணற்று மண்ணில் மேல் அடுக்கு சரிந்து கீழே கலக்கும். அதனால் ஓர் இனம் எந்த ஆழம்வரை வருகிறது என்பதை நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும்போது அது முதலில் தலைகாட்டும் ஆழத்தைக் குறியுங்கள். அது அழிந்த காலம் அங்கேதான். எண்ணெய்க் கிணற்று மண்ணைப் படிப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் பழைய பாறை அரிக்கப்பட்டு, அதிலிருந்த ஓடுகள் ஆற்றோடு வந்து புதிய வண்டலிலும் படியும். தேய்ந்த, நிறம் மாறிய ஓடுகளைத் தனித் தட்டில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை வைத்து வயது பாருங்கள்.