பேனிக் நோய்க்கு மாத்திரை: டெஸ்டுகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எந்த மாத்திரை கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை பேனிக் நோய்க்கு (திடீர்ப் பீதி திரும்பத் திரும்பத் தாக்கும் நோய்) இன்றுவரை இல்லை. சோடியம் லாக்டேட்டை நரம்பில் ஏற்றினால் இந்நோயாளிகளுக்குப் பீதித் தாக்குதல் வருகிறது என்று 1967-லேயே பிட்ஸும் மெக்ளூரும் காட்டினார்கள். 35 சதவீதக் கரியமில வாயுவை ஒரே மூச்சு இழுத்தாலும் பலருக்கு வரும். நோயைப் புரிந்துகொள்ள இவை பெரிதும் உதவின. மருந்தைத் தேர்ந்தெடுக்க அல்ல. ஆனால் டோஸைத் தீர்மானிக்க உடல் உண்மையான தகவல் தருகிறது. அதைப் பயன்படுத்தும் முறை இதோ.

முதலில், படபடப்புக்கு வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்: டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, இ.சி.ஜி. தைராய்டு அதிகமாகச் சுரப்பவருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. (பேனிக் நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை வகை; எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் இரண்டும் இதைச் சேர்ந்தவை) மட்டும் கொடுத்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்பதில் அர்த்தமில்லை. எஸ்சிட்டலோப்ராம் கொடுப்பதானால் இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளியை (இம்மருந்து நீட்டக்கூடிய இதய மின்துடிப்பு நேரம்) பார்க்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சோடியம் அளவும் தேவை, ஏனென்றால் இம்மருந்துகள் அதைக் குறைக்கக்கூடும்.

அடுத்தது, சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டியல். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். நெஞ்சடைப்பை 'கேஸ்' என்று எண்ணி மாதக்கணக்கில் ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை விழுங்குபவர்கள் ஏராளம். எஸ்சிட்டலோப்ராமைக் கரைக்கும் சி.ஒய்.பி.2சி19 என்ற கல்லீரல் நொதியை அது தடுக்கிறது. ரத்தத்தில் எஸ்சிட்டலோப்ராம் சுமார் 50 சதவீதம் ஏறும். அதே வகை மாத்திரையான பாண்டோப்ரசோல் இந்த நொதியைக் குறைவாகவே தடுக்கும். ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), கார்பமசிபின் (வலிப்பு மருந்து) இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்து அளவைக் குறைக்கும்.

இதே நொதி சிலருக்குப் பிறப்பிலேயே வேலை செய்யாது. ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் இது அதிகம். மரபணு அறிக்கையில் 'நட்சத்திரம் 2' (*2, நொதி வேலை செய்யாத வடிவம்) இரண்டு பிரதி இருந்தால், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் இரண்டையும் குறைவாகத் தொடங்கி, மெதுவாக ஏற்றி, வழக்கமான பராமரிப்பு டோஸில் பாதியை இலக்காக வையுங்கள். 'நட்சத்திரம் 17' (*17, நொதி வேகமாக வேலை செய்யும் வடிவம்) இரண்டு பிரதி என்றால் எஸ்சிட்டலோப்ராம் சீக்கிரம் கரைந்துபோகும். வேறு மருந்தை யோசிக்கலாம். அதே அறிக்கையில் செரடோனின் கடத்தி மரபணுவைக் காட்டி 'இது பொருந்தும், அது பொருந்தாது' என்று பச்சை, சிவப்புக் கட்டம் போட்டிருந்தால் அதை நம்பி மருந்தை மாற்றாதீர்கள். மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கான சர்வதேசக் குழுவான சிபிஐசியின் 2023 வழிகாட்டி அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது.

எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை. சிறு டோஸிலேயே கடும் பக்கவிளைவு, அல்லது முழு டோஸிலும் பலனே இல்லை என்ற நிலையில் அது காசுக்குத் தகும்.

தொடங்கும் அளவு: செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50. எஸ்சிட்டலோப்ராம் 5 மி.கி. ஒரு வாரம், பிறகு 10. முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம். உடலின் சிறு மாற்றத்தையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் நோய் இது. அதனால்தான் பாதி டோஸில் தொடங்குகிறோம். பயந்து நிறுத்துபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். காபியை இப்போதே குறையுங்கள். தற்கொலை எண்ணம் எழுந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்கள்.

பலனை ஞாபகத்தை வைத்து அளக்காதீர்கள். பி.டி.எஸ்.எஸ். என்ற, பேனிக் நோயின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் 7 கேள்விகள், மொத்தம் 28 மதிப்பெண். மாத்திரைக்கு முன்னும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்புங்கள். 40 சதவீதம் குறைந்தால் மருந்து கேட்கிறது. சரியான டோஸில் 6 வாரமாகியும் எண் அசையவில்லை என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அடுத்து டோஸ், அதன் பிறகே மருந்து மாற்றம்.