ஆள் மாறிப்போன உளவாளி: குறும்படக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் குறும்படம் எடுப்பவர்கள் உளவு நகைச்சுவையைத் தொட்டால், ஆள் மாறுவதற்கான காரணத்திலேயே பிழை விட்டுவிடுகிறார்கள். முகச்சாயல், ஒரே பெயர் என்று வைத்தால் அது வெறும் தற்செயல். பின்தொடர்பவர்களின் சொந்தக் கணக்கே பிழையாகிப்போக வேண்டும். இயக்குநர் இவ் ரோபேர் 1972இல் எடுத்த பிரெஞ்சுப் படத்தில், ஒரு காலில் கறுப்பும் மறுகாலில் பழுப்புமாகச் சப்பாத்து போட்டு விமான நிலையத்துக்கு வந்த வயலின் கலைஞன் உளவாளியாக எடுத்துக்கொள்ளப்படுகிறான். பார்த்தவுடன் கண்ணில் குத்தும் அடையாளம் அது.

நம்மவர்கள் வைக்கும் அடையாளமோ குடை, கறுப்புக் கண்ணாடி, தோள்பை. இவை எல்லார் கையிலும் இருக்கும். அதற்குப் பதில், இரவு ரயிலில் வந்து விடியற்காலை மட்டக்களப்பில் இறங்குபவன் கையில் ஒரு தயிர்ச்சட்டியைக் கொடுங்கள். இங்கிருந்து கொழும்புக்குத் தயிர் போகும். கொழும்பிலிருந்து இங்கே யாரும் கொண்டுவருவதில்லை. அவன் ஏன் கொண்டுவந்தான்? உறவினருக்குக் கொண்டுபோனான், வீடு பூட்டிக் கிடந்தது, திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வரி வசனம் போதும். ஆனால் அந்த இரண்டு வரியும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். பார்வையாளருக்கு உண்மை தெரிந்து, பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் சிரிப்பு பிறக்கும்.

அடுத்த பிழை, கதாநாயகனையும் சிரிப்புக் காட்ட விடுவது. அவன் தன் அலுவலை மட்டும் பார்க்கட்டும். "வெயிலில வெச்சிராதீங்க அண்ணன், கெட்டுப்போயிடும். சாய்ச்சும் பிடிக்காதீங்க." அவன் தயிரைச் சொல்கிறான், எதிரே நிற்பவனுக்கு அது வெடிமருந்து. இப்படி இரண்டு பக்கமும் பொருந்தும் வசனம் பத்துக்கு மேல் எழுதி, நல்ல நான்கை மட்டும் வையுங்கள்.

கைபேசியை மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அவனுடைய படத்தை அனுப்பி விசாரித்தால் கதை முடிந்தது. ஆகவே உண்மை தெரிந்த ஒருவருக்கு அதை மறைப்பதில் லாபம் இருக்க வேண்டும். மேலே சொன்ன படத்தில், தன் பதவிக்குக் குறிவைக்கும் உதவியாளரைச் சிக்கவைக்க உளவுத்துறைத் தலைவரே இந்தப் பொறியை வைக்கிறார்.

இந்த மண்ணில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். போர்க்காலச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியின் தலை அசைந்ததால் கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. ஆகவே சோதனைச்சாவடி, அடையாள அட்டை, சீருடை, ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் எதையும் சிரிப்புக்கு எடுக்காதீர்கள். பின்தொடர்பவர்கள் கற்பனையான வெளிநாட்டு நிறுவனத்து ஆட்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு நம் வெயிலில் வேர்ப்பவர்கள் என்றிருக்கட்டும்.

துரத்தலையே திரும்பத் திரும்ப எடுப்பதும் சலிப்பு. முதலில் பின்தொடர்தல், பிறகு அறையைச் சோதித்தல், பிறகு இன்னும் ஆட்களை வரவழைத்தல் என்று அவர்களின் செலவு ஏற வேண்டும். இவ்வளவு செலவழித்த பிறகு பிழையை ஒப்புக்கொள்ள அவர்களுக்கும் மனம் வராது.

படமாக்கும்போது இருவர் முகத்தையும் மாறி மாறிக் கிட்டத்தில் காட்டாதீர்கள். மட்டக்களப்பு வாவிமேல் உள்ள கல்லடிப் பழைய பாலத்தில் கமராவை ஒரு முனையில் வைத்தால் முன்னே சட்டியோடு நடப்பவனும் பின்னே பதுங்குபவனும் ஒரே சட்டகத்தில் வருவார்கள். வாவிக் காற்று மைக்கை நிரப்பிவிடும் என்பதால் அங்கே வசனம் வைக்காமல், பேச்சுக் காட்சிகளைத் தேத்தண்ணிக் கடைக்குள் எடுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு.