சங்க மலரைப் பல பேர் சேர்ந்து திருத்த: கூகுள் டாக்ஸ் வழிமுறை

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரைகள் வாட்சப்பில் வந்து குவிந்தன. ஒரே பேட்டியை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி அனுப்ப, எதை எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் எல்லாவற்றையும் கூகுள் டாக்ஸுக்கு மாற்றினோம். கோயில் மலர், குடியிருப்போர் சங்க அறிக்கை எதற்கும் இதே வழிதான். ஜிமெயில் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி டாக்ஸ் கோப்பு போடுங்கள். மலர் முழுவதையும் ஒரே கோப்பில் கொட்டினால் போனில் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

2. 'ஷேர்' பொத்தானை அழுத்தி, ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேருங்கள். இரண்டு பேர் மட்டும் 'எடிட்டர்', மற்ற எல்லோரும் 'கமென்டர்'. கமென்டர் எதை மாற்றினாலும் அது பரிந்துரையாகத்தான் விழும். மூல வரி அழியாது. எடிட்டர் டிக் அடித்தால்தான் திருத்தம் ஏறும். லிங்க் உள்ள யாரும் திருத்தலாம் என்று திறந்து வைப்பது சுலபம்தான். ஆனால் லாகின் செய்யாமல் வருபவர்கள் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு விலங்கின் பெயரில் தெரிவார்கள். பத்தியை வெட்டியது யார் என்று விலங்கிடமா போய்க் கேட்பது?

"அனுமதி இல்லை என்கிறதே" என்று போன் வந்தால், பெரும்பாலும் அவர் போனில் இரண்டு ஜிமெயில் இருக்கும். நீங்கள் சேர்த்தது ஒன்று, அவர் திறப்பது இன்னொன்று. ஆப்பின் மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள்.

3. அடுத்தது எழுத்துரு. அதிக நேரம் தின்றது இதுதான். டிடிபி சென்டரில் அடித்த கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் வரும். அதை டாக்ஸில் ஒட்டினால் 'அம்மா' ஆங்கில எழுத்துகளாகவும், நடுவே புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அரைப்புள்ளியாகவும் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளவை. மாற்றியில் 'பாமினி' என்பதைத் தேர்ந்தெடுத்து, பத்தியை ஒட்டி, வரும் யூனிகோடை எடுத்து டாக்ஸில் போடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கட்டுரைக்குள் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, கல்லூரிப் பட்டம் எல்லாமும் சேர்ந்து புரியாத தமிழாகிவிடும். அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால் அடித்துவிடுங்கள். அச்சகத்துக்குப் போன பிறகு இதைப் பிடிப்பது கஷ்டம்.

பிடிஎஃப் வந்தால் அதிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு வடிவில் தரும். தெளிவான அச்சு என்றால் தமிழ் நன்றாகவே வருகிறது. கையெழுத்தை நம்பவேண்டாம்.

4. யாராவது எதையாவது அழித்துவிட்டால் பதறாமல் 'வெர்ஷன் ஹிஸ்டரி'க்குப் போங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று நிறம் நிறமாக இருக்கும். பழைய நிலைக்குத் திரும்பலாம். இதைக் கணினியில் பார்ப்பதே வசதி.

5. பேச்சுக்கு வாட்சப் குழு இருக்கட்டும், திருத்தம் பற்றிய பேச்சு மட்டும் அங்கே வேண்டாம். "மூன்றாவது பத்தி நாலாவது வரி" என்று குழுவில் எழுதினால், அடியில் வரும் காலை வணக்கப் படங்களில் அது புதைந்துவிடும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கமென்ட் போடுங்கள். வீடியோவில் கூடிப் பேசவேண்டும் என்றால் என் ஓட்டு கூகுள் மீட்டுக்கு. இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் முடித்துவிடும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் மீட் 60 நிமிடம் தரும்.

பிறகு சேர்த்தது: சிலருக்குக் கட்டுரை இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். வேர்ட் கோப்பை ஏற்றிவிட்டு 'சேவ் அஸ் கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் புதிய பிரதி ஒன்று உருவாகும். பழைய வேர்ட் கோப்பும் அப்படியே இருக்கும். லிங்க்கும் வேறு வேறு. மாற்றிய கையோடு வேர்ட் கோப்பை வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, புதிய லிங்க்கைக் குழுவில் பின் செய்துவிடுங்கள்.