கை கழுவும்போது விடுபடும் இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாதாரண சோப்பின் முக்கிய வேலை பாக்டீரியாவைக் கொல்வதல்ல. எண்ணெய்ப் பசையோடு தோலில் ஒட்டியிருப்பவற்றைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்புவது. தேய்க்காத இடத்தில் நுரை பட்டும் பெரிய பயனில்லை. அந்த இடங்கள் எவை என்று பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை, கழுவினால் போகும் போஸ்டர் கலர் போதும். அடர்நீலம் வாங்குங்கள். சிவப்பில் விடுபட்ட இடம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

படி 1: மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி கலரை ஊற்றுங்கள்.

படி 2: கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகச் சோப்பு தேய்ப்பதுபோல 20 விநாடி தேயுங்கள். வேறொருவர் எண்ணட்டும். கண் திறந்திருந்தால் கை தானாகவே நிறம் படாத இடத்தைத் தேடிப்போகும், சோதனை வீணாகிவிடும்.

படி 3: கண்ணைத் திறந்து பாருங்கள். உள்ளங்கை முழுக்க நீலமாக இருக்கும். பெருவிரலின் பின்பக்கம், விரலிடுக்குகள், நகத்தையொட்டிய நுனிகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வெற்றுத்தோல் தெரியும். உணவையும் கண்ணையும் மூக்கையும் தொடுவது அந்த நுனிகள்தான்!

படி 4: கலரைக் கழுவிவிட்டு, இப்போது சோப்போடு செய்யுங்கள். பெருவிரலை மறு கையின் பிடிக்குள் வைத்துத் திருகித் தேயுங்கள். ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்துக் குவித்து, மறு உள்ளங்கையில் நகம் படும்படி சுரண்டுங்கள். பலரும் இங்கே விரல்களை நீட்டியே வைத்துக்கொள்கிறார்கள்; மடக்கினால்தான் நகத்துக்கு அடியில் நுரை போகும். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

படி 5: அலசி, சுத்தமான துணியால் முழுமையாகத் துடையுங்கள். ஈரக்கை, உலர்ந்த கையைவிட எளிதாகப் பாக்டீரியாவை வாங்கும், கொடுக்கும்.

எவ்வளவு போகும்? லண்டனில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் 20 பேர் பொது இடங்களின் கைப்பிடிகளைத் தொட்டார்கள். மலத்திலிருந்து வந்திருக்கக்கூடிய பாக்டீரியா, கழுவாத கைகளில் 44 சதவீத மாதிரிகளிலும், வெறும் தண்ணீரில் கழுவியவற்றில் 23 சதவீதத்திலும், சோப்பு போட்டவற்றில் 8 சதவீதத்திலும் இருந்தது. அது கிருமிநாசினி கலக்காத சாதாரண சோப்பு. நானும் அதையே பரிந்துரைக்கிறேன். தோலிலேயே நிலையாக வாழும் பாக்டீரியா எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது, போகவும் வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: வெந்நீர் வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கை பொறுக்கும் சூட்டால் பாக்டீரியா சாகாது, தோல்தான் வறளும். சானிடைசர் போதுமா என்றால், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருக்கும்போது போதாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு எதிராகவும் அதை நம்பியிருக்க முடியாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.