தாய்லாந்துச் சாப்பாடு முதல் தடவையா? ஆர்டர் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

தாய்லாந்து உணவகத்தின் மெனு கார்டைப் பார்த்தால் நம்மவர்களுக்குப் பயமே வராது. தேங்காய்ப்பால், புளி, பச்சை மிளகாய், எலுமிச்சை, துளசி, வேர்க்கடலை, மாம்பழம், வெள்ளைச் சோறு. எல்லாமே நம் வீட்டில் புழங்குகிற சாமான்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாமான் தெரிந்தது என்பதால் சாப்பாடும் தெரிந்ததுதான் என்று நினைத்து, ஊர் ஓட்டலில் சொல்வது போல ஆளுக்கொன்று சொல்லிவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு வாய் எரிகிறது, இன்னொருவருக்குத் தித்திப்பு திகட்டுகிறது, மூன்றாமவர் சூப்பில் கிடந்த எதையோ மென்று முழுங்க முடியாமல் முழிக்கிறார். ‘தாய் சாப்பாடு நமக்குச் சரிப்படாது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து வருகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஆர்டரில்தான் இருக்கும்.

ஆளுக்கொரு தட்டு என்று பிரித்துக்கொள்வது

தாய்லாந்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு மட்டும்தான் ஆளுக்கொரு தட்டு. மற்றதெல்லாம் மேசை நடுவில் பொதுவாக இருக்கும். ஒவ்வொரு பதார்த்தமும் தனியாகச் சாப்பிட்டால் ஏதோ ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும்படிதான் சமைக்கிறார்கள். ஒன்று புளிப்பு, ஒன்று உறைப்பு, ஒன்று தேங்காய்ப்பாலின் கொழுப்பு, ஒன்று வெறும் பூண்டும் கீரையும். ஒன்றின் தூக்கலை இன்னொன்று ஈடுகட்டும். அதில் ஒன்றை மட்டும் ஒருவர் முன்னால் வைத்து, கிண்ணம் முழுக்கத் தீர்க்கச் சொன்னால் யாருக்கும் அலுத்துப்போகும்.

அதனால் மெனுவில் பிடித்த பெயர்களைத் தேடுவதை விட, வகைக்கு ஒன்று எடுங்கள். கிரீன் கறி, பனேங் கறி, டாம் கா சூப் என மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மூன்றும் தேங்காய்ப்பால். மூன்றாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். மூன்று நான்கு பேர் போனால் ஒரு தேங்காய்ப்பால் கறி, ஒரு புளிப்புச் சூப், வள்ளைக்கீரை வதக்கல் (பாட் பக் பூங் என்று எழுதியிருப்பார்கள்), ஒரு ஆம்லெட். ஆம்லெட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். காய் ஜியாவ் என்கிற அந்த ஆம்லெட்டைத் தாராளமாக எண்ணெய் விட்டு, ஓரம் மொறுமொறுவென்று உப்பும்படி பொரித்துத் தருவார்கள். குழந்தைகள் கூட வந்தால் அன்றைக்குக் காப்பாற்றுவது அதுதான்.

சூப் முதலில் வந்து தீர வேண்டிய ஐட்டம் கிடையாது. எது தயாராகிறதோ அது வரும். சூப்பும் கடைசி வரை மேசையில் இருக்கும். நடுவில் இருப்பதில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி மட்டும் எடுத்துச் சோற்றின் ஓரத்தில் விட்டு, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது அங்கே வழக்கம். சாம்பார் மாதிரி கறியைச் சோறு முழுக்க ஊற்றிப் பிசைந்தால் உப்பும் உறைப்பும் ஒரேயடியாகத் தாக்கும். அது அப்படிப் பிசைவதற்கான அளவில் செய்ததில்லை.

சாப்பிடுவது ஸ்பூனால், இடது கையிலுள்ள ஃபோர்க் தள்ளிவிடுவதற்கு. சாப்ஸ்டிக் நூடுல்ஸ் சூப்போடு வரும், சோற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை. வடகிழக்கு ஈசான் பகுதிப் பசையரிசிச் சோறு சின்ன மூங்கில் கூடையில் வரும். அதைக் கையால்தான் உருட்டித் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலை மிச்சம்.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒத்துவராது. அவர்கள் ஒரு தட்டிலேயே முழுச் சாப்பாடாக வருவதை எடுக்கலாம்: கோழிச்சாறில் வெந்த சோற்றோடு வரும் காவ் மன் காய், நம் பிரியாணிக்கு உறவுக்காரனான மஞ்சள் சோறு காவ் மோக் காய், அல்லது பாட் தாய். பாட் தாயை எடுப்பவர்கள் ஒன்று செய்கிறார்கள்: கூடவே சோறும் கறியும் சொல்லிவிட்டு, ‘என்ன இது, இனிக்கிறதே’ என்கிறார்கள். அது தனி ஐட்டம். 1930களின் கடைசியிலும் 40களிலும் அன்றைய பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசு நாட்டு அடையாளமாகவே முன்னிறுத்திப் பரப்பிய நூடுல்ஸ் அது. புளி, பனைவெல்லம், மீன்சாறு (ஃபிஷ் சாஸ்) சேர்த்துப் பிரட்டுவதால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்துதான் இருக்கும். தட்டோரத்தில் எலுமிச்சைத் துண்டு, வேர்க்கடலைத் தூள், மிளகாய்த்தூள் எல்லாம் வருவது அழகுக்கு இல்லை. பிழிந்து, தூவிக் கலந்த பிறகு வாயில் வைத்துப் பாருங்கள்.

‘நமக்கா காரம்?’

இதுதான் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறாமல் விழும் குழி. ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப்பொடியைப் பிசைந்து சாப்பிட்டவன், செட்டிநாட்டுக் கோழியைக் கூசாமல் சாப்பிட்டவன் என்று மார்தட்டிக்கொண்டு ‘தாய் ஸ்பைசி’ என்று சொல்லிவிடுவார்கள். நம் சமையலில் மிளகாய் பெரும்பாலும் காய்ந்து, வறுபட்டு, எண்ணெயில் வெந்து, பருப்போடோ தேங்காயோடோ கலந்துதான் நாக்குக்கு வருகிறது. தாய்லாந்துச் சாலட்டுகளில் சுண்டுவிரல் நகம் அளவேயான ஊசி மிளகாய் பச்சையாக நசுங்கி, எலுமிச்சைச்சாற்றில் மிதந்துகொண்டு வரும். தடுக்க நெய்யும் இல்லை, பருப்பும் இல்லை.

பப்பாளிக்காய்ச் சாலட்டான சோம் தம் செய்கிற தள்ளுவண்டி முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், புரிந்துவிடும். ஆழமான உரல், மர உலக்கை. முதலில் பூண்டும் மிளகாயும் விழும், நாலு குத்து. அப்புறம் பனைவெல்லம், நீளமாக ஒடித்த காராமணி, தக்காளி, காய்ந்த இறால், வேர்க்கடலை. எலுமிச்சையைப் பிழிந்து, மீன்சாறு ஊற்றி, கடைசியில் துருவிய பப்பாளிக்காய். ஒரு கையால் உலக்கை, மறுகையில் கரண்டி. குத்துவதும் புரட்டுவதும் மாறி மாறி நடக்கும். மிளகாய் உரலில் விழுவதற்கு முன்பே எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். ‘ப்ரிக் மெட் டியாவ்’ என்றால் ஒரே ஒரு மிளகாய். முதல் தடவைக்கு அது போதும், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. ‘மாய் பெட்’, அதாவது காரமே வேண்டாம் என்று சொன்னாலும் லேசாக உறைக்கத்தான் செய்யும். முந்தைய ஆளுக்கு இடித்த மிளகாயின் சாறு அந்த உரலில்தானே இருக்கிறது.

சோம் தம்மிலும் எல்லாம் ஒன்றல்ல. ‘சோம் தம் தாய்’ என்று கேட்டால் மேலே சொன்ன வேர்க்கடலை வகை வரும். ‘பு’ சேர்ந்தால் உப்பில் ஊறிய சின்ன நண்டு ஓட்டோடு நசுங்கி வரும், நண்டு வெந்திருக்காது. ‘பலா ரா’ சேர்ந்தால் புளிக்கவைத்த மீனின் சாறு. அந்த வாசனைக்கு ஈசான் மக்கள் உயிரையே விடுவார்கள். கருவாட்டில் வளர்ந்தவர்களுக்குக்கூட முதல் நாள் அது கொஞ்சம் அதிகம்தான்.

கறிகளில் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்புதான் உறைக்கும், பச்சை சாது என்று நினைக்கிறோம். கிரீன் கறியின் விழுது பச்சை மிளகாயில் அரைத்தது, பல கடைகளில் அதுதான் கூடுதலாக உறைக்கும். தெற்கு தாய்லாந்துக் கடைகளில் இன்னும் நிதானம் வேண்டும். மஞ்சள் போட்ட காங் சோம் பார்ப்பதற்கு நம் மீன்குழம்பு மாதிரியே இருக்கும், ஆனால் தேங்காய்ப்பால் ஒரு சொட்டு இல்லாத சுள்ளென்ற புளிப்பும் உறைப்பும். மீன் குடலைப் புளிக்கவைத்துச் செய்யும் காங் தாய் பலா இன்னும் ஒரு படி மேலே. இரண்டையும் இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் எரிப்பு தண்ணீரில் கரையாது. வெறும் சோறு இரண்டு வாய், கூடவே தந்த வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், இல்லையென்றால் தேங்காய்ப்பால் கறி. அந்தப் பச்சைக் காய்களை ஓரமாக ஒதுக்கிவிடுவதும் ஒரு தவறுதான்.

கிண்ணத்தில் கிடப்பதையெல்லாம் மெல்லுவது

டாம் யம் சூப் வந்ததும் கரண்டியைப் போட்டுக் கலக்கினால் இறாலும் காளானும் தவிர வேறு சிலவும் தட்டுப்படும். ஒரு விரல் நீளத்துக்கு வெட்டித் தட்டிப்போட்ட எலுமிச்சைப் புல்லின் தண்டு. இஞ்சி வில்லை மாதிரி இருக்கும், ஆனால் கடித்தால் விறகு மாதிரி இருக்கும் பேரரத்தை. ஆமாம், நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற அதே பேரரத்தைதான், பச்சையாக. அப்புறம் இரண்டு இலை ஒட்டிப் பிறந்தது போன்ற காஃபிர் லைம் இலை. மூன்றும் வாசனைக்குப் போட்டவை, ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். பொங்கலில் மிளகை ஒதுக்குகிறவர்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும்.

இறால் போட்ட டாம் யம் குங் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் இரண்டு விதம் உண்டு. தெளிவாக இருப்பது ‘நாம் சாய்’. பால் சேர்த்துச் செம்மஞ்சளாகக் கலங்கி இருப்பது ‘நாம் கோன்’. புளிப்பு நேராக மண்டைக்கு ஏறக் கூடாது என்றால் இரண்டாவதைக் கேளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் டாம் கா காய், தேங்காய்ப்பாலில் கோழியும் பேரரத்தையும். என்னைக் கேட்டால், முதல் கிண்ணத்துக்கு அதை விடப் பாதுகாப்பான சூப் கிடையாது.

கறியில் மிதக்கும் தளிர் இலைகளைத் தாராளமாகச் சாப்பிடலாம், அது திருநீற்றுப்பச்சிலையின் இனம். பாட் க்ரபாவில் போடுவது துளசியின் இனம். கொத்துக்கறியோடு, பல கடைகளில் கேட்காவிட்டால் பன்றிக்கறியோடு, துளசியை வதக்கித் தருவார்கள். மனசுக்கு ஒப்பாது என்றால் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுங்கள். ஒப்பும் என்றால், மேலே பொரித்த முட்டை வைத்து ஒரு தட்டு சாப்பிட்டுவிட வேண்டும்.

சைவம் என்று சொன்னால் போதும் என்று நம்புவது

‘நோ மீட், நோ சிக்கன்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் கத்திரிக்காயும் டோஃபுவும் போட்ட கிரீன் கறி வரும். பார்க்கச் சுத்த சைவம். ஆனால் அந்தக் கறி விழுதை அரைக்கும்போதே இறால் விழுது சேர்ந்துவிட்டது. உப்புக்கு மீன்சாறு, கீரை வதக்கலில் சிப்பிச்சாறு (ஆய்ஸ்டர் சாஸ்), சோம் தம்மில் காய்ந்த இறால், சூப்பில் எலும்புச்சாறு. சமைப்பவர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கு மீன்சாறு உப்பு மாதிரி ஒரு சாமான், அதை ‘மீட்’ என்று அவர் நினைப்பதில்லை.

கேட்க வேண்டியது ‘ஜே’. சீன வழி வந்த நோன்பு உணவு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் நம் ஊரில் அதைத் தவிர்க்கிறவர்களுக்கும் பொருந்தும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கினால் அது ஜே கடை. ‘கின் ஜே’ என்று சொன்னால், ஜேதான் சாப்பிடுவேன் என்று புரிந்துகொள்வார்கள். ‘மங்சவிரட்’ என்பதும் சைவம்தான், ஆனால் அதில் முட்டை, பால் வரலாம்.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் நடக்கும் ஜே திருவிழாவின்போது புக்கெட்டிலும் பாங்காக்கிலும் மஞ்சள் கொடி தெருவெல்லாம் பறக்கும். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே நாட்களில் வந்துவிடும். பாங்காக் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலிலும் அப்போது விழாதான். சைவர்கள் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அந்தச் சமயத்தில் போகலாம்.

ஹலால் பார்ப்பவர்களும் மாட்டிறைச்சி, பன்றிக்கறி தவிர்ப்பவர்களும் நூடுல்ஸ் கடைகளில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். படகு நூடுல்ஸ் என்கிற கரும்பழுப்புச் சூப்புக்கு அந்த நிறமும் கெட்டியும் வருவது பன்றி அல்லது மாட்டு ரத்தத்தால். முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் மசமன் கறி, முதல் தடவைக்கு நம் நாக்குக்கு மிக நெருக்கமானது: ஏலம், பட்டை, கிராம்பு, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, புளி. ஆனால் அதை மட்டும் சாப்பிட்டுத் திரும்பினால், விமானம் ஏறிப் போய்க் குருமா சாப்பிட்டு வந்த கதைதான். கூடவே புளிப்பாக ஒன்றும் சொல்லுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மசமன், பாட் தாய், சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி), சோம் தம் நான்கிலும் கவனமாக இருக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

நூடுல்ஸ் கடை மேசையில் நாலு டப்பா இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய மீன்சாறு, மிளகாய் ஊறிய வினிகர். முதலில் சூப்பை வெறுமனே ருசி பாருங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சூப்பில் சர்க்கரையா என்று தயங்க வேண்டாம், அரைக் கரண்டி போட்டால் வினிகரின் முனை மழுங்கும்.

மெனுவே புரியவில்லை என்றால் காவ் காங் கடை தேடுங்கள். சமைத்த பாத்திரங்களை வரிசையாக வைத்திருப்பார்கள், கண்ணால் பார்த்து இரண்டு மூன்றைக் கை காட்டினால் சோற்றின் மேல் போட்டுத் தருவார்கள். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், காலையில் சமைத்ததுதான் அங்கே நாள் பூராவும் இருக்கும்.

செம்மஞ்சள் நிற ஐஸ் டீ கேட்டால் ‘வான் நோய்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். குறைத்த பிறகும் நம் டீக்கடை அளவுக்கு மேல்தான் இருக்கும். மாம்பழமும் பசையரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த காவ் நியாவ் மமுவாங், மாம்பழப் பருவத்தில், அதாவது மார்ச் முதல் மே வரை, அருமையாக இருக்கும். சுற்றுலாக் கடைகளில் வருஷம் முழுக்க விற்பார்கள். டிசம்பரில் அதற்குக் கொடுக்கிற காசுக்கு, சாலையோரத்தில் சுடச்சுட விற்கிற தேங்காய்ப்பால் பணியாரம் கனோம் க்ரோக் இரண்டு தட்டு வாங்கிக்கொள்ளலாம்.