கை நனைக்காமல் திரும்பாதீர்கள்: சபையின் உதவி ஊழியத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகளோடு அரிசிப் பை கொடுக்கப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் 18 வீடு. பையைத் திண்ணையில் வைப்பது, ஒரு வசனம், ஒரு ஜெபம், "வர்றோம் ஆச்சி". சில வீடுகளில் பைக்கைக்கூட அணைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதில் நானும் அப்படித்தான் ஓடினேன் என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் கூடியது.

கிழிந்த சேலையைக் கொடுக்காதீர்கள், கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள் என்பதையெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. இங்கே அவை வேண்டாம்.

போன வீட்டில் கை நனைக்காமல் கிளம்புவது

2009 கிறிஸ்துமஸ். உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஆச்சி தனியாக இருந்தார். நாங்கள் வருவது அவருக்கு முன்பே தெரியும். சுளகில் நான்கு எவர்சில்வர் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஓலைக் கொட்டானில் மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு, தோலுரித்து நார் கிழித்து வைத்திருந்தார். அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. நாங்களோ, "நேரமாச்சு ஆச்சி, இன்னும் ஏழு வீடு இருக்கு" என்றோம்.

"ஏன்யா, எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு இறங்காதோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்களும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தோம். மறு வருஷம் போனபோது ஆச்சி பையை வாங்கவில்லை. "இல்லாத வீடாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லி வாசலிலேயே நின்றார். அதற்குப் பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது சபைக்குத் தெரியவே இல்லை. எங்களிடம் சொல்லி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் ஒரு வீட்டில் கை நனைக்க மறுப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் அது ஒரு அர்த்தம். சாதி பார்க்கிறவன் செய்தால் இன்னொரு அர்த்தம். நாம் அவசரத்தில்தான் மறுக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும், டம்ளரை ஏந்தி நிற்கிறவருக்குத் தெரியாது. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலத்தில், யோவான் 4இல், கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் வாய் திறந்ததே "தாகத்துக்குத் தா" என்று கேட்பதற்குத்தான். ஜீவத்தண்ணீர்ப் பேச்சு அதற்குப் பிறகு வருகிறது. அவரும் சீஷர்களும் ஊர் ஊராய்ப் போனபோது யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா 8 சொல்கிறது. அவர் வேண்டாம் என்று சொன்னதாக எங்கும் இல்லை.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது எங்கள் பையில் அச்சடித்திருக்கும் வசனம்: "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்". பவுல் இதை நினைப்பூட்டியது எபேசு சபையின் மூப்பர்களுக்கு. கொடுக்க வேண்டியவர்களுக்குச் சொன்னதை வாங்குகிறவர் கையில் எழுதிக் கொடுத்தால், அவருக்கு அது எப்படிப் படும்?

ஆகவே பிள்ளைகளே, 18 வீட்டை மூன்று நாளாகப் பிரியுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் "அரை டம்ளர் போதும் ஆச்சி" என்று சொல்லுங்கள். ஒரு கிழங்காவது தின்னுங்கள். மீதியைக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "உங்களுக்கே வேணுமே" என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

கேட்காமல் கொடுப்பது

பர்திமேயு குருடன் என்பது கூட்டத்துக்கே தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார். ஐந்து பை அரிசி சேர்ந்துவிட்ட வீட்டுக்கு ஆறாவது பையைத் தூக்கிப் போகிறோம். அந்த வீட்டுக்கு வேண்டியது, முதியோர் உதவித்தொகைக்காக பாங்குக்குக் கூட்டிப்போக ஒரு ஆள்.

போட்டோ

எடுக்காதீர்கள்.

ஆராதனையில் பெயர் வாசிப்பது

வலதுகை கொடுப்பது இடதுகைக்கே தெரியக்கூடாது என்றார் இயேசு. அது மைக்குக்கு எதற்கு?

நம் முறை வரும்போது காலை இழுத்துக்கொள்வது

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் அன்று கால் கழுவ ஆள் கிடைத்துவிடும், காலை நீட்டி உட்காரத்தான் கிடைக்காது. உட்காருகிறவரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவார். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் கால்களைக் கழுவினார். கழுவியவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். கூச்சத்தோடு காலை நீட்டிய அந்த 12 பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேதுருவால் முடியாமல் போனது அதுதான். "ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றவனுக்கு, கழுவாவிட்டால் "என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று இயேசுவிடமிருந்து பதில் வந்தது.

எனக்குக் கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தபோது சபைப் பெண்கள் முறை வைத்து வீட்டு வேலைக்கு வந்தார்கள். அவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள். "வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று என் மனைவி ஏழு மணிக்கே வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் விளக்கி, எல்லோருக்கும் காப்பியும் போட்டு வைத்திருப்பாள். மூன்றாம் நாள் அவர்களில் ஒரு அக்கா விளக்குமாற்றை எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.