ஆர்டர் எங்கே போயிற்று என்று கணக்கில் கண்டறியும் முறை

திருப்பூரில் ஒரு பையர் (வெளிநாட்டுக் கொள்முதலாளர்) ஆர்டரைக் குறைத்தால், "வங்கதேசத்துக்குப் போய்விட்டது" என்று டீக்கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அது மெய்தானா என்பதை ஒரு மாலைப் பொழுதில் நாமே சரிபார்க்கலாம்.

முதலில், சரக்கைச் சுங்கத்தில் வகைப்படுத்தும் எண்ணான ஹெச்.எஸ். குறியீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு அது 610910. இந்த ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும்; கரூரின் படுக்கை விரிப்பு 63ஆம் அத்தியாயத்தில் வருவதால், 'ஜவுளி' என்ற மொத்தக் கணக்கால் பயனில்லை. பன்னாட்டு வணிக மையத்தின் 'டிரேட் மேப்' தளத்தில், நம் ஏற்றுமதியை விடுத்து, வாங்கும் நாட்டின் இறக்குமதியை நாடுவாரியாக ஐந்தாண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். டாலர் மதிப்போடு எடையையும் பார்க்காவிட்டால், பஞ்சு விலை ஏறிய ஆண்டில் சரக்கு குறைந்திருந்தும் வணிகம் வளர்ந்ததாகத் தோன்றும்.

அடுத்தது இறக்குமதித் தீர்வை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயத்த ஆடைக்குப் பொதுத் தீர்வை பெரும்பாலும் 12 சதவீதம். குறைவளர்ச்சி நாடு என்ற வகையில் வங்கதேசத்துக்கு அது இல்லை. வியட்நாமுக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் ஒப்பந்தச் சலுகை உண்டு; ஆனால் சீனத் துணியில் தைத்த ஆடைக்கு அது கிடைக்காது. சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்று சொல்லும் தோற்ற விதியைப் படிக்காமல் தீர்வை அட்டவணையை மட்டும் நம்புவது பாதிக் கணக்கு.

நூற்பாலைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வாங்கும் நாட்டில் விலையைத் தீர்மானிப்பது சந்தையா, அரசா? 2011 முதல் சீன அரசு தன் உழவர்களின் பஞ்சை உலக விலைக்கு மேல் கொடுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. பஞ்சு இறக்குமதிக்குக் கோட்டா இருந்தது, நூலுக்கு இல்லை. ஆகவே அங்குள்ள ஆலைகளுக்கு வெளிநாட்டு நூலே மலிவாகி, இந்திய நூல் அங்கே குவிந்தது. 2014இல் அந்தக் கொள்முதல் முறை கைவிடப்பட்டதும் தேவை சுருங்கியது. நம் நூலின் தரம் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். இத்தகைய தேவையை நிரந்தரம் என்று எண்ணி ஆலையில் நூற்கும் கதிர்களைக் கூட்டுவதற்கு முன், அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் பஞ்சு அறிக்கையில் சீனக் கையிருப்பைப் பார்ப்பது நல்லது.

சந்தைப் பொருளாதாரம் என்ற பெயரைக் கண்டு அசந்துவிடவும் கூடாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது அமெரிக்காதான். இத்தகைய தேதிகளை மாதவாரிக் கணக்கில் குறித்துக்கொண்டு ஒப்பிடும்போது, ஆர்டர் போட்டதற்கும் சரக்கு அங்கே இறங்குவதற்கும் சில மாதங்கள் ஆகும் என்பதால், அடுத்த மாத எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.